ஃப்ரோபெர்கரின் ஜீக் கடைசியில் வருமா, இரண்டாவதாக வருமா?

சுவடிக்கண்:
இந்த வாரம் பலரும் பகிர்கிற ஒரு காணொளியைப் பார்த்தேன். பதினேழாம் நூற்றாண்டில் வியன்னா அரசவை ஆர்கனிஸ்டாக (ஆர்கன் வாசிப்பவராக) இருந்த யோஹான் யாக்கோப் ஃப்ரோபெர்கரைப் பற்றியது. பேசியவர் சொல்வது இது: "அல்லமாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக் என்ற நடன இசைத் துண்டுகளின் வரிசையை வகுத்தவர் ஃப்ரோபெர்கர். ஜீக் வாசித்து முடிக்கும் வழக்கம் அவர் கொடுத்தது. பின்னால் வந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்."

தவறு. 1656இல் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டுக்கு ஃப்ரோபெர்கர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த ஏடு இன்றும் வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் ஆறு நடனத் தொகுதிகள் (சூட்). ஆறிலும் அல்லமாண்ட் முடிந்ததும் ஜீக். அப்புறம் கூரான்ட். சரபாண்டில்தான் முடிகிறது. ஜீக்கைக் கடைசிக்குத் தள்ளியது ஆம்ஸ்டர்டாமில் வந்த அச்சுப் பதிப்பு. அவர் இறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து வந்தது அது. "மேலான வரிசையில் அமைக்கப்பட்டது" என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது, நாங்கள் மாற்றினோம் என்று அவர்களே சொல்கிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த மாற்றத்தை அவர் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கறுப்புவெள்ளை:
அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன். உங்களைப் போல ஏடு ஏடு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 1649 ஏடு கண்ணில் படவில்லையா? அதுவும் அவர் கையெழுத்துதான். அதுவும் வியன்னாவில்தான் இருக்கிறது. அதன் இரண்டாவது தொகுதி, டி மைனர் சுருதியில் அமைந்தது, ஜீக்கில்தான் முடிகிறது. அல்லமாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக். காணொளியில் சொன்ன அதே வரிசை. பிறகு என்ன தவறு?

சுவடிக்கண்:
1649 ஏட்டில் ஆறு தொகுதிகள் உண்டு. ஜீக் இருப்பது ஒன்றே ஒன்றில். மற்றவற்றில் ஜீக்கே கிடையாது. அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு "வழக்கத்தைக் கொடுத்தார்" என்று சொல்வது எப்படி? ஏழு ஆண்டு கழித்து, நிதானமாக யோசித்து, ஆறு தொகுதியிலும் ஜீக்கை இரண்டாவதாக வைத்தார். ஒன்றுக்கு எதிராக ஆறு.

மழைநாள்:
புதியவள் நான், தப்பாக நினைக்காதீர்கள். நடனத் தொகுதி என்றால் எது? அவர் காலத்தில் அதற்கு ஒரு இலக்கணம் இருந்ததா, இல்லை வாசிப்பவர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டாரா? அது தெரிந்தால் இந்தச் சண்டையே பாதி தீருமே.

கறுப்புவெள்ளை:
ஒன்றோ ஆறோ, அவர் கையால் எழுதியது எழுதியதுதான். ஜீக் கடைசியில் வந்திருக்கிறது. அவரே செய்திருக்கிறார். நான் சொன்னது அவ்வளவுதான்.

சுவடிக்கண்:
நீங்கள் சொன்னது அவ்வளவுதான் இல்லை. வரிசையை "வகுத்தார்" என்று சொன்ன காணொளியை நீங்கள் பகிர்ந்தீர்கள். போன முறை இசையமைப்பாளர் பாகெல்பெல் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். பெரிதாக ஒன்றைச் சொல்வது, கேட்டால் சிறிதாக்கிக்கொள்வது.

ஆர்கன்மாடி:
மழைநாள், உங்கள் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆளைப் பற்றியாவது நான் சொல்கிறேன். இங்கே பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாமல் வரிசைக்குச் சண்டை நடக்கிறது.

1616இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். தந்தை பாசிலியுஸ் அங்கே வூர்ட்டெம்பெர்க் அரசவைப் பாடகர், பிறகு இசைக்குழுத் தலைவர். முப்பதாண்டுப் போர் அந்த ஊரைச் சின்னாபின்னமாக்கிய காலம். 1637இல் தாயும் தந்தையும் கொள்ளைநோயில் இறந்தார்கள். அதே ஆண்டு இவர் வியன்னாவில் அரசவை ஆர்கனிஸ்ட் ஆனார். சில மாதத்திலேயே பேரரசரின் உதவிப் பணத்தோடு ரோமுக்குப் போய் ஆர்கன் கலைஞர் ஃப்ரெஸ்கோபால்டியிடம் பாடம் கேட்டார். பிறப்பால் லூதரன், பின்னால் கத்தோலிக்கர். திரும்பவும் இத்தாலி, டிரெஸ்டன், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லண்டன் என்று ஒரே சுற்று. உயிரோடிருந்தபோது அவருடைய படைப்புகளில் இரண்டுதான் அச்சேறின. அதில் ஒன்று கிர்ஷர் என்ற யேசு சபைத் துறவி 1650இல் ரோமில் வெளியிட்ட பெரிய இசைநூலில் வந்த ஃபான்டாசியா என்ற துண்டு. மற்றதெல்லாம் கையெழுத்துப் படிகளாகத்தான் பரவின. இவ்வளவு குழப்பத்துக்கும் அதுதான் காரணம்.

அவர் முதலில் ஆர்கன் ஆள். டொக்காட்டா, ரிச்செர்கார், காப்ரிச்சோ, கன்சோனா, இந்த இசை வடிவங்களெல்லாம் அந்த ஏடுகளில் நடனங்களுக்கு முன்னால் வருகின்றன. அவற்றைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

சுவடிக்கண்:
ஆர்கன்மாடி சொன்ன வரலாறு சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அச்சில் வராததற்கு அவரே ஒரு காரணம். கடைசிக் காலத்தில் எரிகூர் கோட்டையில் அவருக்கு இடம் கொடுத்த சிபில்லா கோமகள், டச்சுக் கவிஞர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. தன் படைப்புகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஃப்ரோபெர்கர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கையாளத் தெரியாதவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். அவரிடமே நேரில் கற்காதவரால் அவரைப் போல வாசிக்க முடியாது என்பது கோமகளின் முடிவு. இப்படிப் பயந்த மனிதரின் ஜீக்கை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போதாவது புரிகிறதா?

கறுப்புவெள்ளை:
நேரில் கற்காதவரால் வாசிக்க முடியாது என்றால் நீங்களும் வாசிக்கக் கூடாது. ஏட்டைப் பார்த்து வாசிப்பவர் மட்டும் எப்படித் தப்பினார்?

நாணல்:
நான் லூட் என்ற நரம்புக் கருவியின் பக்கத்திலிருந்து வருகிறேன். இருவருமே பாரிஸை மறந்துவிட்டீர்கள். 1652இல் அவர் அங்கே இருந்தார். ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்திய விசைப்பலகைக் கருவி) வாசித்த ஷம்போனியேர், லூயி கூப்ரான், லூட் வாசித்த தெனி கோத்தியே எல்லாரோடும் பழகினார். அந்த வட்டாரத்தில் துண்டுகளை ஒரே சுருதியில் சேர்த்து வைப்பார்கள், வாசிப்பவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். லூயி கூப்ரானுக்கு ஒரே சுருதியில் கூரான்ட் மட்டுமே பல இருக்கும். எல்லாவற்றையும் அடுத்தடுத்து யாரும் வாசிக்க மாட்டார்கள். அந்தக் காற்றைச் சுவாசித்தவரிடம் போய் ஜீக் இரண்டாவதா நான்காவதா என்று கேட்பதே தேவையில்லை.

சுவடிக்கண்:
லூயி கூப்ரானின் படைப்புகளைப் பிறர் தொகுத்தார்கள். ஃப்ரோபெர்கர் தானே எழுதி, தன் பெயரோடு, பேரரசரிடம் கொடுத்தார். ஸ்டுட்கார்ட் நண்பர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் சௌட்டர் எழுத்தலங்காரமும் ஓவியமும் போட்டுக் கொடுத்த ஏடு அது. அரசனுக்குக் கொடுக்கும் ஏட்டில் வரிசையைக் கவனிக்காமல் எழுதுவாரா? ஆறு தொகுதி. ஆறிலும் ஜீக் இரண்டாவது.

கறுப்புவெள்ளை:
சரி, அதே 1656 ஏட்டின் கடைசித் தொகுதியை எடுத்துக்கொள்வோம். பேரரசரின் மகன் நான்காம் ஃபெர்டினாண்ட் 1654இல் இருபது வயதில் இறந்தபோது எழுதிய புலம்பல். அல்லமாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புலம்பல் இருக்கிறது. கடைசியில் சி மேஜர் ஆரோகணம் ஒன்று மேலே மேலே ஏறிப் போகிறது, இளவரசனின் உயிர் விண்ணுக்குப் போவது போல. ஏட்டில் அந்த இடத்தில் மேகங்களே வரைந்திருக்கிறார்கள். அது முடிந்த அடுத்த நொடி ஜீக் வாசிக்கச் சொல்கிறீர்கள். துக்க வீட்டில் யார் அப்படிச் செய்வார்கள்? நான் ஜீக்கைக் கடைசியில் வைத்துத்தான் வாசிக்கிறேன். கேட்பவர்களுக்குப் புலம்பலிலிருந்து மெல்ல மெல்ல மீண்டுவர நேரம் கிடைக்கிறது. காது ஒப்புகிறது.

சுவடிக்கண்:
உங்கள் காது ஒப்புவது உங்கள் காதின் விஷயம். அவர் எழுதியது இது: புலம்பல், ஜீக், கூரான்ட், சரபாண்ட். ஜீக் என்றாலே துள்ளல் என்று நினைப்பதுதான் இங்கே சிக்கல். ஃப்ரோபெர்கரின் ஜீக்குகளில் ஒரு குரல் தொடங்க, இன்னொன்று அதைத் துரத்தும் ஃபியூக் நடை இருக்கிறது. சிலவற்றில் மும்மை நடைகூடக் கிடையாது, இரட்டைத் தாளத்தில் புள்ளிவைத்த சுரங்களோடு கனமாக நடக்கும். புலம்பலுக்குப் பின் அது வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் கூரான்ட் வழியாகப் போய், மெதுவான சரபாண்டில் இறங்கி அமரும்போது துக்கம் இன்னும் இருக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் அதைத் துள்ள வைத்து முடிக்கிறீர்கள்.

ஆர்கன்மாடி:
துக்கம் என்றால் 1657 புலம்பலைப் பேசுங்கள். மூன்றாம் ஃபெர்டினாண்ட் இறந்தபோது எழுதியது. எஃப் மைனர். மீன்டோன் என்ற அந்தக் காலச் சுருதி அமைப்பில் எஃப் மைனரே கரடுமுரடாக ஒலிக்கும், அதற்காகத்தான் அதை எடுத்தார் என்று நான் நம்புகிறேன். முடிவில் எஃப் என்ற ஒரே சுரம் மூன்று முறை. மூன்றாம் ஃபெர்டினாண்டுக்கு மூன்று எஃப். இருபது ஆண்டு தன்னைக் காத்த எசமானருக்கு ஒருவர் இதைவிட எளிமையாக விடைகொடுக்க முடியாது. அதற்குப் பின் ஜீக்கும் இல்லை, கூரான்டும் இல்லை. தனியாக நிற்கிறது.

இதை இன்றைய சம இடைவெளிச் சுருதி அமைப்பு வைத்த பியானோவில் வாசித்தால் அந்தக் கரடுமுரடு முழுதும் போய்விடும். கறுப்புவெள்ளை கவனிக்க வேண்டியது வரிசையைவிட அதுதான்.

கறுப்புவெள்ளை:
வந்துவிட்டதா! ஜீக்கில் தொடங்கி என் பியானோவுக்கு வந்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஹார்ப்சிகார்ட் எங்கே கிடைக்கும், ஆர்கன்மாடி? உங்களுக்குத் தேவாலயத்தில் மாடியேறினால் குழாய் ஆர்கன் இருக்கிறது. எனக்கு வீட்டில் ஒரு பழைய பியானோ. அதில் வாசித்துத்தான் பிள்ளைகளுக்கு ஃப்ரோபெர்கர் என்று ஒருவர் இருந்ததையே சொன்னேன். நீங்கள் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்?

ஆர்கன்மாடி:
எனக்கிருக்கும் ஆர்கனும் அந்தக் காலச் சுருதியில் இல்லை. நான் சொன்னது கருவியைப் பற்றி. உங்களைப் பற்றி இல்லை. மாடியேறுவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நாணல்:
கருவி எதுவானாலும் தாளம்தான் முக்கியம். பாரிஸில் 1652 நவம்பரில் லூட் கலைஞர் பிளாங்க்ரோஷேர் படிக்கட்டில் விழுந்து இறந்தார். ஃப்ரோபெர்கர் அப்போது அங்கே இருந்தார். அவர் எழுதிய நினைவஞ்சலியின் மேல் குறிப்பு இருக்கிறது: மிக மெதுவாக, வாசிப்பவர் விருப்பப்படி, எந்தத் தாளக் கணக்கையும் பார்க்காமல் வாசிக்க வேண்டும். முடிவில் சுரங்கள் கீழே கீழே இறங்குகின்றன, படிக்கட்டில் விழுந்தது போல. தாளத்தையே வாசிப்பவர் கையில் விட்டவர், ஜீக் எந்த இடம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார் என்று சொல்வது பொருந்தவில்லை.

சுவடிக்கண்:
தாளத்தை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அவர் குறிப்பே சொல்கிறது. வரிசையை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு ஒரு குறிப்பைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று. என்னிடம் ஆறு தொகுதி இருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். தோணியில் ரைன் நதியைக் கடந்தபோது நேர்ந்த ஆபத்தை ஒரு அல்லமாண்டாக எழுதினார். ஆற்றில் ஒருவர் விழுகிறார், தோணியில் களேபரம். எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எண்ணிட்ட குறிப்புகள் சுரங்களுக்கு ஏற்றபடி இருக்கின்றன. இவ்வளவு துல்லியமாக அடுக்கியவரை வரிசை பார்க்காதவர் என்கிறீர்கள்.

மழைநாள்:
லண்டனில் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

ஆர்கன்மாடி:
லண்டனில் அவர் எழுதிய புலம்பலுக்கு உள்ள குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. பாரிஸிலிருந்து கலே போகும் வழியில் படைவீரர்கள் பறித்தார்கள், கடலில் கொள்ளையர் பறித்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆர்கனுக்குத் துருத்தி மிதிக்கும் வேலை கிடைத்ததாம். துக்கத்தில் மெய்ம்மறந்து மிதிக்க விட்டுவிட, ஆர்கனிஸ்ட் உதைத்து வெளியே தள்ளினாராம். பேரரசரின் ஆர்கனிஸ்ட் இன்னொருவரின் ஆர்கனுக்குத் துருத்தி மிதித்தார்! அந்தப் புலம்பலை அந்தக் கதையோடு கேட்டுப் பாருங்கள்.

கறுப்புவெள்ளை:
இசை எழுத்தாளர் மத்தேசன் 1740இல் எழுதிய கதையும் இதுதானே? ஆள் இறந்து எழுபது ஆண்டுக்கு மேல். விவரங்களும் வேறு மாதிரி. சுவடிக்கண், ஆம்ஸ்டர்டாம் பதிப்பு முப்பது ஆண்டு கழித்து வந்ததால் செல்லாது என்றீர்கள். மத்தேசனுக்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?

சுவடிக்கண்:
மத்தேசனை நான் எங்கே மேற்கோள் காட்டினேன்? ஆர்கன்மாடி சொன்னதற்கு என்னைக் கேட்கிறீர்கள். 1656 ஏட்டைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை, மத்தேசனுக்கு ஓடுகிறீர்கள்.

ஆர்கன்மாடி:
நான் சொன்னது புலம்பலின் குறிப்பை. மத்தேசனை அல்ல. டிரெஸ்டனில் ஆர்கனிஸ்ட் மத்தியாஸ் வெக்மனோடு நடந்த போட்டியையும் மத்தேசன்தான் சொல்கிறார். போட்டியில் எதிரெதிராக உட்கார்ந்தவர்கள் நண்பர்களானார்கள். அலங்காரங்களையெல்லாம் எழுதி ஒரு தொகுதியை ஃப்ரோபெர்கர் அவருக்கு அனுப்பிவைத்தார். போட்டி போட்டவர்களே அப்படி இருந்திருக்கிறார்கள், நீங்கள் இருவரும் இங்கே என்ன செய்கிறீர்கள்?

கறுப்புவெள்ளை:
எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். பாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. சிறுவயதில் அண்ணன் பூட்டிவைத்த புத்தகத்தை நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகப் பார்த்து எழுதினார் என்று அவரைப் பற்றி 1754இல் வந்த இரங்கற்குறிப்பு சொல்கிறது. அதில் இருந்தவர்கள் ஃப்ரோபெர்கர், கெர்ல், பாகெல்பெல். அந்த பாக்தான் பிறகு ஆங்கிலத் தொகுதிகள், பிரெஞ்சுத் தொகுதிகள் என்று பெயர்பெற்ற தன் நடனத் தொகுதிகள் எல்லாவற்றையும் ஜீக்கில் முடித்தார். காணொளி சொன்ன தொடர்பு இதுதான்.

சுவடிக்கண்:
அந்தப் புத்தகம் இன்று இல்லை. அதில் ஃப்ரோபெர்கரின் டொக்காட்டா இருந்ததா, தொகுதி இருந்ததா, ஜீக் எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இல்லாத புத்தகத்தை வைத்து, கையில் இருக்கும் ஏட்டை மறுக்கிறீர்கள். ஆம்ஸ்டர்டாம் பதிப்பின் வரிசையைப் பார்த்து எத்தனையோ பேர் வாசித்தார்கள். பதிப்பைப் பார்த்து வாசித்தவர்களைத் திட்டவில்லை. ஏடு இப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்த பின்னும் பழையதையே சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

கறுப்புவெள்ளை:
என்னைத்தான் சொல்கிறீர்கள். நேராகவே சொல்லுங்கள்.

சுவடிக்கண்:
உங்களைத்தான்.

நாணல்:
2006இல் லண்டன் ஏலத்தில் இன்னொரு கையெழுத்து ஏடு வந்ததே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? 35 படைப்புகள். பாதியளவு அதுவரை யாருக்கும் தெரியாதவை. கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. யாரோ வாங்கிப் பூட்டிவைத்துவிட்டார். எல்லாரும் 1649, 1656 என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அதன் பிறகும் பத்தாண்டு இருந்தார். 1667இல்தான் எரிகூரில் இறந்தார்.

கறுப்புவெள்ளை:
நன்றி, நாணல். அந்த ஏடு திறக்கட்டும். அதில் ஜீக் கடைசியில் இருந்தால் சுவடிக்கண் என்ன சொல்வார் என்று பார்க்கலாம்.

சுவடிக்கண்:
பூட்டிக் கிடக்கிற ஏட்டைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். திறந்து கிடக்கிற ஏடு வியன்னாவில் இருக்கிறது. ஆறு தொகுதி.

கறுப்புவெள்ளை:
1649. டி மைனர். ஜீக் கடைசி. அவர் கையெழுத்து. இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சுவடிக்கண்:
முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

கறுப்புவெள்ளை:
படித்தேன். அது பதில் இல்லை. அடுத்த மாதம் என் மாணவி அந்த டி மைனர் தொகுதியை வாசிக்கிறாள், ஜீக்கில் முடித்து. நான்காம் ஃபெர்டினாண்ட் புலம்பலையும் அப்படித்தான் வாசிப்பாள்.

சுவடிக்கண்:
டி மைனரை வாசிக்கட்டும், அது அவர் எழுதியபடி. புலம்பலை அப்படி வாசித்தால் நிகழ்ச்சித் தாளில் ஆம்ஸ்டர்டாம் பதிப்பு என்று போடுங்கள். அந்தப் பிள்ளையாவது தெரிந்துகொள்ளட்டும்.

கறுப்புவெள்ளை:
என் நிகழ்ச்சித் தாளில் என்ன போட வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம்.

மழைநாள்:
தொகுதி என்றால் எது என்று கேட்டேனே, யாராவது சொல்வீர்களா?

சுவடிக்கண்:
1656 ஏட்டைப் பாருங்கள், மழைநாள். அல்லமாண்ட், ஜீக், கூரான்ட், சரபாண்ட். அதுதான்.

கறுப்புவெள்ளை:
1649ஐயும் பாருங்கள்.